வேட்டைக் கத்தியின் வளைவில் கூர் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

நேரான வாய் உள்ள கத்தியை நன்றாகத் தீட்டுகிறவர்கூட வேட்டைக் கத்தியைக் கையில் எடுத்தால் தடுமாறுவார். கைப்பழக்கம் போதாததால் வருவதில்லை இது. அந்த ஒரே அலகில் மூன்று நான்கு விதமான வாய் இருக்கிறது. பிடியோரம் கொஞ்சம் நேர்ப்பகுதி, அதைத் தாண்டி முனைவரை புடைத்து ஏறும் வயிற்று வளைவு. சில கத்திகளில் இவற்றோடு உள்நோக்கிக் குழிந்த ஒரு வளைவும், முதுகில் தோலைத் திறக்க ஒரு கொக்கியும், பிடியருகே ஓர் அங்குலத்துக்கு ரம்பம்போல் பற்களுள்ள பல்வாயும் சேர்ந்து வரும். வீட்டில் இருக்கும் தட்டைக் கல் இவற்றில் நேர்ப்பகுதிக்குத்தான் தானாகப் பொருந்தும். மற்ற இடங்களில் கல் வாயைத் தொடுவதே இல்லை, அல்லது தொடக் கூடாத இடத்தைத் தொட்டுத் தேய்க்கிறது. அதனால் ‘இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும்’ என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். கல் எங்கே படுகிறது என்று தெரியாமல் தேய்க்கிற ஒவ்வொரு இழுப்பும் அலகின் வடிவத்தைத்தான் தின்கிறது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. இங்கே இந்தக் கத்திகள் மலையேற்றத்துக்கும் முகாமுக்கும் வாங்கப்படுகின்றன. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நார்வேயிலும் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இது தொழில் கருவி. கீழே சொல்வது இரு தரப்புக்கும் பொருந்தும். வீச்சரிவாள் வைத்திருப்பவர்களுக்கு உள்வளைவு பற்றிய பகுதி அப்படியே உதவும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கத்தியை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவித் துடையுங்கள். கொழுப்பு ஒட்டியிருந்தால் எந்தச் சோதனையும் பொய் சொல்லும். பிறகு விளக்கின் கீழ் வாயை மேல்நோக்கிப் பிடித்து, பிடியிலிருந்து முனைவரை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். சில்லுப் போன இடம் புள்ளியாக மினுங்கும்.

அடுத்து மார்க்கர் பேனா. வாயை ஒட்டிய சாய்வுப் பட்டை முழுக்க, இரு பக்கமும், கறுப்பு மை பூசுங்கள். அழுத்தாமல் இரண்டு முறை மட்டும் கல்லில் இழுத்துவிட்டுப் பாருங்கள். பட்டையின் மேல் ஓரத்தில் மட்டும் மை போயிருந்தால் கத்தியை மிகவும் படுக்க வைத்திருக்கிறீர்கள். விளிம்பில் மட்டும் போயிருந்தால் மிகவும் நிமிர்த்தியிருக்கிறீர்கள். பட்டை முழுதும் போயிருந்தால் கோணம் சரி. சில இடங்களில் மை அப்படியே இருக்கிறதென்றால் அங்கே கல் படவே இல்லை. வளைந்த வாயில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த நான்காவது வகைதான்.

கோணத்துக்கு ஓர் அளவு வேண்டுமென்றால், வேட்டைக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி நல்ல இடம். அலகின் அகலம் 25 மி.மீ. என்றால் முதுகு கல்லிலிருந்து சுமார் 8.5 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். 30 மி.மீ. அகலத்துக்குச் சுமார் 10 மி.மீ.

அறிகுறி: நேர்ப்பகுதி காகிதத்தை வெட்டுகிறது, வயிற்று வளைவு கிழிக்கிறது

அதிகம் பேர் சந்திப்பது இதுதான். தோலுரிக்கும் கத்திகளுக்கு வயிறு பெருத்திருக்கும். பக் 119 போன்ற, முனைப்பக்கம் முதுகு குழிந்து மேலெழும் கத்திகளிலும் வாயின் கணிசமான பகுதி வளைவுதான். வேலையெல்லாம் நடக்கும் இடமும் அதுவே. அங்கே கூர் இல்லையென்றால் மற்ற இடத்தில் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

கத்தியை 20 டிகிரி சாய்த்து நேர்ப்பகுதியைக் கல்லில் வைத்துவிட்டு, கையை அப்படியே வைத்துக்கொண்டு முனைவரை இழுத்தால் என்ன ஆகும்? வளைவு மேல்நோக்கிப் போகிறது, கல் கீழேயே இருக்கிறது. வயிற்றுப் பகுதி காற்றில் மிதக்கிறது. மை சோதனை இதை உடனே காட்டிக் கொடுக்கும்.

இழுப்பு வளைவுக்குள் நுழையும்போது பிடியை மெல்ல உயர்த்த வேண்டும். மணிக்கட்டை மடக்காதீர்கள், அது கோணத்தையும் சேர்த்து மாற்றிவிடும். மணிக்கட்டை இறுக்கி வைத்துக்கொண்டு முழங்கையை உயர்த்தினால் பிடி தானாக உயரும். அதோடு, கல்லைத் தொடுகிற இடத்தில் வாய் இழுப்பின் திசைக்குக் குறுக்காக இருக்கும்படி கத்தியைச் சற்றே திருப்பிக்கொண்டே வர வேண்டும். உயர்த்துவதும் திருப்புவதும் ஒரே அசைவாகக் கைக்குப் பழக நாளாகும். அதுவரை சுலபமான வழி ஒன்று உண்டு. வயிற்றை மூன்று துண்டாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கல்லில் வைத்து, குட்டி இழுப்புகளாக, மறுபக்கத்தில் பிசிறு (தேய்க்கும்போது விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய எஃகு இழை) எழும்வரை தீட்டுங்கள். மூன்றும் முடிந்தபின் பிடியிலிருந்து முனைவரை நீளமான சில இழுப்புகள் போட்டு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள்.

பிசிறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விரலை வாயின் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக வருடினால் சிறு சொரசொரப்பு தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் வருடக் கூடாது. பிசிறு வளைவு முழுக்க விடாமல் எழுந்திருந்தால்தான் மறுபக்கம் திருப்ப வேண்டும். நேர்ப்பகுதியில் எழுந்துவிட்டதென்று திருப்புகிறவர்களின் கத்தியில்தான் வயிறு எப்போதும் மழுங்கலாக இருக்கிறது.

கோணத்தைப் பிடித்துக் கொடுக்கும் கவ்விக் கருவி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தோற்றம் வரும். முனையை நெருங்க நெருங்கப் பட்டை அகலமாகிக்கொண்டே போகும். கவ்வியிலிருந்து தூரம் கூடக் கூடக் கோணம் குறைகிறது என்பதால் இப்படி. கவ்வியை முனைப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் பூட்டி, மறுபடியும் மை பூசிப் பாருங்கள். பட்டை ஒரே அகலத்தில் வரும் இடத்தில் அலகின் முதுகில் ஒரு டேப் துண்டு ஒட்டி அளவைக் குறித்து வைத்தால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

அறிகுறி: முனை உருண்டு குத்தும் தன்மை போய்விட்டது

இழுப்பின் கடைசியில் முனை கல்லின் ஓரத்தைத் தாண்டி வழுக்கி விழுகிறது. ஒவ்வொரு முறையும் கல்லின் விளிம்பு முனையைக் கொஞ்சம் கடித்துவிடும். முனை கல்லின் மேலே இருக்கும்போதே இழுப்பை நிறுத்தி, கத்தியைத் தூக்குங்கள். இது ஒன்றே போதும்.

ஏற்கெனவே உருண்டுவிட்டதென்றால் வாய்ப் பக்கம் தேய்த்து முனையை மீட்க முயல வேண்டாம். அப்படிச் செய்தால் வயிற்றின் வளைவே மாறிவிடும். முதுகுப் பக்கத்தை முரட்டுக் கல்லில் வைத்து, முதுகின் கோடு வாயைச் சந்திக்கும்வரை சிறிது சிறிதாகத் தேயுங்கள். ஒரு மி.மீ. இழப்பு என்றால் வெளியே தெரியவே தெரியாது.

அறிகுறி: பிடியோரம் வாய் குழிந்து, பலகையில் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது

இழுத்துத் தீட்டும் வி வடிவக் கருவிகளும், பெல்ட் இயந்திரத்தில் பிடியோரம் தயங்கி நிற்பதும் இந்தக் குழியை உண்டாக்குகின்றன. எலும்புக் கணுவில் வைத்து அழுத்தும்போது குழிந்த இடம் வெட்டாமல் நழுவும். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு வாயைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, குழி மறையும்வரை தேய்த்து நேராக்க வேண்டும். வாய் முழுக்க மொட்டையாகிவிடும், அது சரிதான். பிறகு இரு பக்கமும் பட்டையைப் புதிதாக எடுங்கள். பிடிக்கும் வாய்க்கும் இடையே சிறு அரைவட்ட வெட்டு இருக்கிற கத்திகளில் கல் கடைசிவரை தடையில்லாமல் போகும் என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

அறிகுறி: உள்வளைவில் எவ்வளவு தீட்டினாலும் நடுப்பகுதி மழுங்கலாகவே இருக்கிறது

கூர்க்கா கத்தி, நம் அரிவாள், உள்நோக்கிக் குழியும் வாயுள்ள சில வேட்டைக் கத்திகள் எல்லாவற்றுக்கும் இது பொது. குழிந்த வாயின் மேல் அகலமான தட்டைக் கல் வைத்தால் அது இரண்டு மேடுகளின்மேல் பாலம்போல் உட்கார்ந்துவிடும். மேடுகள் தேயும், பள்ளம் தொடப்படாது. விடாமல் தேய்த்தால் ஒரு நாள் பள்ளத்துக்கும் கூர் வந்துவிடும், ஆனால் அதற்குள் உள்வளைவு நேராகியிருக்கும். பழைய கத்திகள் பல இப்படித்தான் தம் உருவத்தை இழந்தன.

உள்வளைவுக்கு உருளைதான் வேண்டும். அதன் வளைவு கத்தியின் வளைவைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். செராமிக் கம்பி, டைமண்ட் பூசிய கம்பி இரண்டும் உதவும். கடைக்குப் போக முடியாதவர்கள் ஒரு சாண் நீளத்துக்கு பி.வி.சி. குழாயை வெட்டி, அதன்மேல் தண்ணீரில் நனைக்கக்கூடிய கறுப்பு உப்புத்தாளை இறுக்கிச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளலாம். 400, 800, 1500 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே போகும் மூன்று தாள்கள் போதும். கத்தியை மேசை ஓரத்தில் அசையாமல் கவ்விவிட்டு, குழாயை நகர்த்துங்கள். கத்தியை நகர்த்துவதைவிட இதில் கோணம் நன்றாக நிற்கும்.

திசை முக்கியம். உப்புத்தாளில் எப்போதும் முதுகுப் பக்கத்திலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகும்படிதான் குழாய் நகர வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் வாய் தாளை வெட்டிவிடும், கையும் வாய்க்கு நேராக வந்து நிற்கும். குழாயை நேராக மட்டும் இழுக்காமல் பக்கவாட்டிலும் சேர்த்து நகர்த்துங்கள். ஒரே இடத்தில் உரசினால் அங்கே தனியாக ஒரு குட்டிப் பள்ளம் விழும்.

கூர்க்கா கத்தியின் உறையில் இரண்டு சிறு துணைக்கருவிகள் செருகியிருக்கும். அவற்றில் கூரில்லாத சக்மக் வாயை நிமிர்த்துவதற்கானது. மடிந்த விளிம்பைத்தான் அது நேராக்கும். முற்றிலும் மழுங்கிய வாய்க்கு அதனால் புதுக் கூர் தர முடியாது. நேபாளத்தில் இதைக் கத்தியோடே சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தில் பெரிய அறிவு இருக்கிறது. மடிந்ததும் உடனே நிமிர்த்தினால் கல்லுக்குப் போகும் வேளை தள்ளிப்போகும்.

அரிவாளுக்கு அரைவட்ட அரம் போதும், அதன் இரும்பு அரத்துக்கு மசியும். வேட்டைக் கத்தி அப்படியில்லை. பக் 119-இன் 420 எச்.சி. எஃகு, கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 58 ஒட்டி இருக்கிறது. இந்தக் கடினத்தில் சாதாரண அரம் கடிக்காமல் வழுக்கத் தொடங்கும். வழுக்கினால் நிறுத்திவிடுங்கள், அரம்தான் வீணாகும்.

அறிகுறி: முதுகுக் கொக்கி தோலைத் திறக்காமல் சிக்கி இழுக்கிறது

கட் ஹூக் (gut hook, குடல் கொக்கி) என்று விற்கப்படும் இந்தக் கொக்கியின் வேலை மிக நுட்பமானது. மானின் வயிற்றுத் தோலைத் திறக்கும்போது கத்தி முனை உள்ளே இறங்கினால் குடல் கிழிந்து இறைச்சி கெட்டுவிடும். கொக்கியின் மொண்ணை மூக்கு உள்ளே வழுக்கிப் போக, அதன் உட்பள்ளம் மட்டும் தோலை வெட்டுகிறது. ஆகவே மூக்கின் வெளிப்பக்கத்தை ஒருபோதும் கூராக்கக் கூடாது. கொக்கி வேலை செய்யவில்லை என்று மூக்கையும் சேர்த்துத் தீட்டினால், அது குடலைக் குத்தும் கருவியாகிவிடும்.

சிக்குவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் மழுங்கல் இல்லை. ரோமமும் காய்ந்த கொழுப்பும் பள்ளத்தில் அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பயன்படுத்தும் முறையிலும் காரணம் இருக்கலாம். தோலுக்கு அடியில் கொக்கியை நுழைத்து, உள்ளிருந்து வெளியே வெட்ட வேண்டும். வெளியிலிருந்து ரோமத்தின் ஊடே வெட்டினால், ரோமத்தில் ஒட்டிய மண்ணும் மணலும் எந்தக் கூரையும் சில நிமிடத்தில் தின்றுவிடும்.

சுத்தம் செய்தபின்னும் சிக்கினால், பட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள். சில கொக்கிகளில் இரு பக்கமும் பட்டை இருக்கும், சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும். தொழிற்சாலை எப்படிக் கொடுத்ததோ அப்படியே தொடருங்கள். நுனி சிறுத்து அடி பெருத்த டைமண்ட் கம்பி இதற்குச் சரியான கருவி. கம்பியின் எந்த இடம் பள்ளத்தில் இடைவெளியின்றி உட்காருகிறதோ அந்த இடத்தை வைத்து, பட்டையின் சாய்விலேயே முன்னும் பின்னும் லேசாக உரசுங்கள். மிகவும் மெலிந்த கம்பி பள்ளத்தின் நடுவில் மட்டும் கீறும். மிகவும் பருத்த கம்பி பள்ளத்தின் அடியைத் தொடாது. இங்கேயும் மை பூசிப் பார்ப்பதே பாதுகாப்பு.

பிசிறு எழுந்ததும், ஒருபக்கப் பட்டை என்றால், மறுபக்கத்தில் கம்பியைப் படுக்க வைத்து ஓரிரு முறை தடவி அதை எடுத்துவிடுங்கள். கடைசி மெருகுக்குப் பருத்திக் கயிறு ஒன்றில் பச்சை நிற மெருகுக்கட்டியை நன்றாகத் தேய்த்து, கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி இறுக்கி, கொக்கியின் பள்ளத்தைக் கயிற்றில் வைத்து வழுக்குங்கள். கயிறு விளிம்பை நோக்கி வராமல் விளிம்பை விட்டு வெளியே போகும் திசையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கயிறு அறுந்துவிடும். வெட்டுக் காயம் படாத கையுறை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் முனை எப்போதும் உங்கள் விரலுக்கு அருகிலேயே இருக்கும்.

அறிகுறி: பல்வாயின் பற்கள் அலைபோல் வழவழப்பாகிவிட்டன

பல்வாயைப் பொதுவாக ஒரு பக்கத்தில்தான் குடைந்திருப்பார்கள். மறுபக்கம் தட்டை. தட்டைக் கல்லில் இரு பக்கமும் வைத்துத் தேய்த்தால் பற்களின் நுனி மட்டும் தேய்ந்து, குடைவுகளில் கல் படாமலே போகும். குடைந்த பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு குடைவுக்குள்ளும் கம்பியை வைத்து, அதன் சாய்வைப் பின்பற்றி ஐந்தாறு முறை உரசுங்கள். பெரிய குடைவும் சிறிய குடைவும் மாறி மாறி இருந்தால் முதலில் பெரியவற்றை எல்லாம் முடித்துவிட்டு, கம்பியின் மெல்லிய இடத்தால் சிறியவற்றைத் தீட்டலாம். பிசிறு தட்டைப் பக்கத்தில் எழும். அந்தப் பக்கத்தை மென்கல்லில் முழுக்கப் படுக்க வைத்து ஒருமுறை அல்லது இருமுறை இழுத்தால் போதும். தட்டைப் பக்கத்தில் புதிதாக ஒரு சாய்வு உண்டாக்கினால் பற்கள் விரைவாகக் குட்டையாகும். நுனிகள் ஏற்கெனவே உருண்டிருந்தால் ஒரே நாளில் மீட்க முயலாதீர்கள். குடைவுகளை ஒவ்வொரு முறை தீட்டும்போதும் நுனிகள் தாமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

அறிகுறி: சவரம் செய்யும் அளவு கூர் வந்தது, முதல் வேலையிலேயே போய்விட்டது

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். மிகச் சாதாரணமானது, உடையாமல் நின்றுபோன பிசிறு. கம்பி இழை போன்ற அந்த விளிம்பு முடியை வெட்டும், மரத்தைத் தொட்டதும் மடிந்துவிடும். வாயின் மேல் பஞ்சை மெதுவாகத் தடவினால் பிசிறு உள்ள இடத்தில் இழை மாட்டும். மென்கல்லில் பக்கம் மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் படும்படி இழுத்து, பிறகு தோல்வாரில் (சவரக்கத்தி தீட்டும் தோல் பட்டை) முதுகு முன்னால் போகும்படி, முதுகுப் பக்கமாக இழுங்கள். உள்வளைவுக்கு ஒரு மரக்கம்பில் தோலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, கோணம் மிகச் சிறியது. எலும்பு மூட்டைப் பிரிக்கிற கத்திக்கு 15 டிகிரி தாங்காது. கடைசியில் 22 டிகிரி அளவில் பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு போட்டு விளிம்பைக் கெட்டிப்படுத்துங்கள்.

மூன்றாவது, எஃகின் பதம் இறங்கிவிட்டது. இயந்திரச் சாணையில் பொறி பறக்கத் தீட்டும்போது மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். 1095 போன்ற கார்பன் எஃகில் 220 டிகிரி செல்சியஸ் அருகே வைக்கோல் நிறம் வரும், 300 அருகே நீலம் வரும். நீலம் கண்டால் அந்த இடம் மென்மையாகிவிட்டது. நீலம் படிந்த பகுதியைத் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்த்துத் தாண்டினால் அடியில் நல்ல எஃகு கிடைக்கும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள், நல்ல தொழிலாளி அதைத் தாமே செய்வார். கொக்கியையும் உள்வளைவையும் மட்டும் சக்கரத்துக்குக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: பிசிறே எழவில்லை

கோணமும் சரி, கல்லும் படுகிறது, ஆனால் பிசிறு வரவில்லை என்றால் எஃகின் பெயரைப் பாருங்கள். எஸ்30வி போன்றவற்றில் இருக்கும் வனேடியம் கார்பைடு துகள்கள் அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினமானவை. அந்தக் கல்லில் நேரம் போகும், கூர் வராது. டைமண்ட் தட்டுக்கு மாறுங்கள், அழுத்தம் கொடுக்காதீர்கள். 600-இல் பிசிறு எடுத்து 1200-இல் முடித்தால் போதும். தோலுரிக்கும் கத்திக்குக் கண்ணாடி மெருகு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சற்றே சொரசொரப்பான விளிம்பு ஈரத் தோலில் நன்றாகப் பிடித்து வெட்டுகிறது.

சில கத்திகளில் தெளிவான பட்டையே இருக்காது, பக்கங்கள் உருண்டு விளிம்பில் சேரும். ஃபால்க்னிவன் எஃப்1 அப்படிப்பட்டது. இவற்றைத் தட்டைக் கல்லில் வைத்தால் உருட்சி போய்விடும். கணினி மவுஸ் வைக்கும் ரப்பர் விரிப்பின்மேல் உப்புத்தாளைப் பரப்பி, முதுகுப் பக்கமாக மட்டும் இழுங்கள். விரிப்பு அமுங்கி உருட்சிக்கு இடம் கொடுக்கும்.

அறிகுறி: தீட்டி வைத்த கத்தி உறையிலிருந்து எடுக்கும்போதே மழுங்கியிருக்கிறது

தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட உப்புகளும் அதில் தங்கியிருக்கும். கார்பன் எஃகின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத துருவில் கரையும். வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பழுப்புப் புள்ளிகள் தெரியும். தோல்வாரில் சில இழுப்புகளே இதற்குப் போதும். நீண்ட நாள் வைக்கும்போது கத்தியை உறையில் போடாமல், துடைத்து, தேங்காய் எண்ணெய்க்குப் பதில் மினரல் எண்ணெய் மெல்லியதாகத் தடவி, தடித்த காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து, கொக்கியின் பள்ளத்திலும் பல்வாயின் குடைவுகளிலும் அழுக்கைப் பிடித்து வைக்கும்.